தூது: பாட்டிலும் பணியிலும்

தூது என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சில் தோன்றுவன பறவைகளே. அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்தினைத் தூதுக்கு உரியனவாக இலக்கண நூலார் வகுத்தனர். புலவர்கள் கலிவெண்பாவில் நூல்கள் பல இயற்றினர். காதலால் வாடிய தலைவி, தலைவனிடம் மாலை வாங்கி வருமாறு இவற்றுள் ஒன்றை அனுப்புவாள். தமிழ்விடு தூது என்னும் நூலிலோ, மதுரைச் சொக்கநாதரிடம் தமிழ்மொழியே தூதாகச் செல்கின்றது. இந்நூல்களின் சொல்லழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே நடந்து, உயிரைப் பணயம் வைத்துப் பேசித் திரும்பிய மனிதத் தூதன் நம் இலக்கியத்தில் எங்கே போய் மறைந்தான்?

கிளிக்குச் சம்பளம் இல்லை. மேகத்துக்கு மனைவி மக்கள் இல்லை. தென்றலை எந்த வேந்தனும் சிறைப்படுத்த இயலாது. அவை ஏற்றுச் செல்வது வேண்டுகோள் ஒன்றே. எதிரியின் மறுமொழியைக் கேட்டு, அதன் உட்பொருளை ஆராய்ந்து, அக்கணமே தக்க விடை கூறும் கடமை அவற்றுக்கு இல்லை. தூதுத் தொழிலின் உயிர் அக்கடமையிலன்றோ உள்ளது! வேண்டுகோளைத் தூதாகக் கொண்ட பிற்காலப் புலமை, தூதின் பாதியை மட்டும் பாடிற்று என்பதே நம் கருத்து.

மறுபாதியை அறிய விரும்புவோர் திருக்குறளின் பொருட்பாலில் 69ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே அன்னமும் இல்லை, மயிலும் இல்லை. தொழில் செய்யும் மனிதன் ஒருவனே நிற்கின்றான். அன்பு, அறிவு, ஆராய்ந்து பேசும் சொல்வன்மை ஆகிய மூன்றும் அவனுக்கு இன்றியமையாதன என்கின்றார் வள்ளுவர். தொகுத்துச் சொல்லவும், கடுஞ்சொல்லை விலக்கவும், கேட்போர் மகிழுமாறு பேசி நன்மை விளைக்கவும் அவன் கற்றிருத்தல் வேண்டும். சினந்து நோக்கும் கண்ணுக்கு அஞ்சாமை வேண்டும். காலமும் இடமும் அறிதல் வேண்டும். கைத்தூய்மையும் வாய்மையும் வேண்டும். தன் உயிருக்கே இறுதி வருவதாயினும் அனுப்பியவனுக்கு நன்மை தேடுதல் வேண்டும். உரை கண்ட பரிமேலழகர் தூதரை இருவகையாகப் பிரிக்கின்றார். தானே வகுத்துக் கூறுபவன் ஒருவன். தன் அரசன் கூறியதை அவ்வாறே கூறுபவன் மற்றொருவன்.

இப்பகுப்பு இன்றைக்கும் பொருந்துமோ என்று சிலர் வினவுவர். இக்காலத் தூதுப்பணிக்கு அடிப்படையாக விளங்குவது 1961ஆம் ஆண்டு வியன்னா நகரில் செய்யப்பட்ட உடன்படிக்கை. அது தூதரகத்தின் வேலைகளை ஐந்தாக எண்ணிக் காட்டுகின்றது: தன் நாட்டின் சார்பாக நிற்றல்; தன் நாட்டின் நலனையும் மக்களின் நலனையும் காத்தல்; பேச்சு நடத்தல்; சென்ற நாட்டின் நிலைமைகளைச் சட்டத்துக்கு உட்பட்ட வழிகளில் அறிந்து எழுதுதல்; நட்பை வளர்த்தல். அரசின் கட்டளைக்கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டும் நாளில் தூதர் கூறியது கூறுபவராகின்றார். எதிர்பாராத வினா எழும் நாளில் தானே வகுத்துக் கூறுபவராகின்றார். தந்தியும் தொலைபேசியும் வந்தபின் முதல்வகைத் தூதருக்கு வேலையில்லை என்றார் சிலர். தலைநகருக்குத் தொலைபேசியில் கேட்டு விடை பெறுவதற்குள் எதிரே அமர்ந்தவர் எழுந்து போய்விடுவார் என்பதை அவர் எண்ணிலர்.

மற்றொரு மயக்கமும் நம்மிடையே உண்டு. தூதர் வாழ்வென்றால் விருந்தும் பட்டாடையும் கொடி பறக்கும் மோட்டார் வண்டியுமே என்று பலர் நினைக்கின்றனர். மூன்றாம் செயலாளராக நுழையும் இளைஞர் எழுத வேண்டிய அறிக்கைகள் பல. கேட்க வேண்டிய குறைகள் பல. கடவுச்சீட்டை இழந்தவர், சிறையில் அடைபட்டவர், அயல்நாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொணர வழியறியாத குடும்பத்தார் ஆகியோர் வந்து தட்டுவது தூதரகத்தின் கதவையே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டி கட்டிப் புதிய ஊருக்குச் செல்லவேண்டும். குழந்தைகள் பள்ளி மாறுவர். துணைவரோ துணைவியோ தம் தொழிலை விட நேரும். பெற்றோரின் இறுதி நாளில் அருகிருக்க இயலாமலும் போகலாம். வள்ளுவர் தூதனின் குணங்களைக் கூறினார். அவன் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறிலர். இதனை அவ்வதிகாரத்தின் குறையென்றே நாம் கொள்கின்றோம்.

பெரியதொரு குறையும் உண்டு. அன்போடு சேர்த்து நற்குடிப் பிறப்பையும் தூதனுக்குத் தகுதியாக வைக்கின்றார் அவர். பிறப்பினால் மக்களுள் ஏற்றத்தாழ்வு இல்லை என்று பிறிதோரிடத்தில் முழங்கிய அப்பேரறிஞர், தூதனைத் தேடும்போது குடியை நோக்குவானேன்? குடி என்பது நல்லொழுக்கமுள்ள குடும்பத்தையே குறிக்கும் என்று அமைதி கூறுவாரும் உளர். அவ்வமைதி நம் மனத்துக்கு நிறைவு தரவில்லை. வரலாறு தந்த விடையே நிறைவு தருகின்றது.

1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, சிரம்பான் பக்கத்தில் வளர்ந்தவர் சி. ராஜரத்தினம். அவர் தந்தையார் ரப்பர்த் தோட்ட மேற்பார்வையாளர். சட்டம் படிக்க லண்டன் சென்ற மகன் அங்கே சிறுகதைகள் எழுதினார். திரும்பிவந்து பத்திரிகைத் தொழில் செய்தார். 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது முதல் வெளியுறவு அமைச்சரானார். அவ்வாண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் அந்நாடு இடம் பெற்றது. 1967இல் பாங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ஐவருள் அவரும் ஒருவர். 1980வரை அப்பதவியை வகித்தார்.

எஸ். ஆர். நாதன் 1924இல் பிறந்தவர். இளமையில் பள்ளியையும் வீட்டையும் விட்டு நீங்கிச் சிறுவேலைகள் செய்து பிழைத்தவர். பின்னர் முயன்று கற்று, 1954இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டயம் பெற்றார். மருத்துவமனைச் சமூக ஊழியராகவும் கப்பலோட்டிகளின் நல அதிகாரியாகவும் பணி செய்து, 1966இல் வெளியுறவு அமைச்சுக்கு வந்தார். 1974 ஜனவரி 31இல் ஆயுதந் தாங்கிய நால்வர் புக்கோம் தீவின் எண்ணெய்ச் சாலையைத் தாக்கி, லாஜு என்ற படகைக் கைப்பற்றிப் படகோட்டிகளைப் பிணையாகப் பிடித்தனர். அப்போது தற்காப்பு அமைச்சில் இருந்த நாதன், 13 பேர் அடங்கிய அரசாங்கக் குழுவுக்குத் தலைவராகி, அந்நால்வருடன் குவைத் வரை விமானத்தில் சென்று மீண்டார். உயிருக்கு இறுதி வரினும் கடமை பிழையாமை என்று குறள் கூறும் கருத்துக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமோ? பின்னர் அவர் மலேசியாவில் ஹைகமிஷனராகவும், அமெரிக்காவில் தூதராகவும், 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராகவும் விளங்கினார். இவ்விருவரையும் உயர்த்தியது குடிப்பெருமையன்று, கல்வியும் உழைப்புமே.

இனிப் பெண்மக்களைப் பற்றியும் பேசவேண்டும். புறநானூற்றின் 95ஆம் பாட்டு ஒரு பெண் தூதரின் வாக்கு. அதியமான் அனுப்ப ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அப்போது பாடியது இது என்று பாட்டின் அடிக்குறிப்பு அறிவிக்கின்றது. இங்கே மாலை சூடி நெய்பூசிப் பளபளக்கும் கருவிகள். அங்கே போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் கருவிகள். புகழ்வதுபோல் பழித்த இந்நயத்தை ஆசிரியர் பலர் வியந்துரைப்பர். நாம் வியப்பது அப்பாட்டின் முடிவை. உள்ளபோது பிறர்க்கு உணவளித்து, இல்லாதபோது உள்ளதைக் கூடியிருந்து உண்பவன், வறியோர் சுற்றத்துக்குத் தலைவன் என்று தம் மன்னனை ஔவையார் அறிமுகம் செய்கின்றார். பகைவனின் செல்வ மாளிகையில் நின்று, ஏழைகளின் தலைவன் சார்பாக வந்தேன் என்று தலைநிமிர்ந்து கூறுதல் எளிதோ? எவர் சார்பாகப் பேசுகின்றோம் என்பதை மறவாமையே தூதின் முதல் இலக்கணம் என்பதை அப்பாட்டு விளக்குகின்றது.

இத்துணைப் பழமையான பெருமையைப் பேசும் நாம், அண்மைக் காலத்து வெட்கத்தையும் பேச வேண்டும். பிரிட்டன் 1946இல்தான் பெண்களுக்குத் தூதுப்பணியின் வாயிலைத் திறந்தது. குடகில் பிறந்து சென்னையில் கற்ற சி. பி. முத்தம்மா, தேர்வில் வென்று 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதற்பெண். மணம் செய்துகொண்டால் பதவி விலகுவேன் என்று அவரிடம் எழுதி வாங்கினர். மணம் புரிய அரசின் அனுமதி வேண்டும், குடும்பம் கடமைக்கு இடையூறாகும் எனின் பெண்ணைப் பதவி விலகச் சொல்லலாம் என்று விதியும் இருந்தது. ஆணுக்கு அவ்விதி இல்லை! பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்சநீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே அவருக்கு உயர்வு கிடைத்தது, அவ்விதியும் நீக்கப்பட்டது. 1979இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் வழங்கிய தீர்ப்பு, அத்தகைய விதிகளில் உறைந்த ஆணாதிக்கத்தைக் கடிந்துரைத்தது. ஔவையைப் பாடத்தில் வைத்துப் போற்றிவிட்டு, அவர் வழிவந்த பெண்ணை வாயிலில் நிறுத்துவது எவ்வகை அறம்?

தோட்டத்து மக்களுக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்பாரும் உளர். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் இருந்தார். நம் முன்னோர் கூலியைப் பற்றியும் குடியிருப்பைப் பற்றியும் முறையிட்டது அவரிடமே. 1936இல் சீனிவாச சாஸ்திரியார் மலாயாத் தொழிலாளர் நிலையை ஆராய வந்தார். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தை நிறுத்தியது. நம் பாட்டனார் வாழ்வை முடிவு செய்த மேசைகளில் நம் பாட்டனார்க்கு இருக்கை இல்லை. வேறொருவர் அவர் சார்பாகப் பேசினார், அல்லது பேசாதிருந்தார். அம்மேசையில் நம் மக்கள் அமர்வது பகட்டுக்காக அன்று என்பதை இதனால் உணரலாம்.

வழி அடைபட்டதன்று. மலேசியாவில் நிர்வாக, அரசதந்திர அதிகாரிப் பணிக்குப் பொதுச் சேவை ஆணையம் தேர்வு நடத்துகின்றது. சிங்கப்பூரில் வெளியுறவு அமைச்சு பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கின்றது. பிள்ளைகளுக்கு வேண்டுவன: நாட்டு மொழியிலும் ஆங்கிலத்திலும் பிழையற எழுதும் பயிற்சி, தாய்மொழித் தெளிவு, நாளிதழ் படிக்கும் வழக்கம், மாற்றான் கருத்தைப் பொறுமையுடன் கேட்கும் செவி. இவற்றை வாசகசாலையும் மாணவர் மன்றமும் தரவியலும். குறளின் தூது அதிகாரத்தை மனப்பாடப் போட்டிக்கு மட்டும் வைக்காமல், தொழில்நூலாகவும் கற்பியுங்கள். அவ்வாறு கற்பிக்கும்போது வேந்தன் என்ற இடத்தில் மக்களை வைத்துப் பொருள் கொள்ளுங்கள். குடி என்ற இடத்தில் கல்வியை வையுங்கள். அவன் என்ற இடத்தில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தாளர்க்கும் ஒன்று கூறுவோம். அன்னத்தையும் கிளியையும் பாடியது போதும். நாடு விட்டு நாடு சென்று பிறர்க்காகப் பேசிய மனிதரின் வாழ்வை இனி எழுதுங்கள்.