ஐப்பசி மலைகள்

மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி மலைத்தொடரில் ஏற வேண்டிய மலைகளின் மிகப் பழைய பட்டியலை எழுதியவர்கள் மலையேறிகள் அல்லர். 1665 ஜூன் மாதம், புரந்தர் கோட்டையை முற்றுகையிட்டிருந்த ஔரங்கசீப்பின் தளபதி ராஜா ஜெய்சிங்குடன் சிவாஜி உடன்படிக்கை செய்துகொண்டார். 23 கோட்டைகள் மொகலாயர் கைக்குப் போயின, 12 கோட்டைகள் சிவாஜியிடம் நின்றன. போனவற்றின் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: லோஹகட், விசாப்பூர், துங், திகோனா, கர்னாளா, மாஹுலி, பிரபள்கட். ஞாயிற்றுக்கிழமை விடியலில் முதுகில் பை மாட்டிக்கொண்டு மும்பை லோக்கலில் ஏறும் இளைஞர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்வது இந்தப் பெயர்களைத்தான். தோற்ற நேரத்தில் ஓர் அரசன் விட்டுக்கொடுத்த சொத்துக் கணக்கு அது. ஆனாலும் எந்த மலையில் ஏறலாம் என்று கேட்கிறவருக்கு அதைவிடத் தேர்ந்த பட்டியலை நான் கண்டதில்லை.

சிகரங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக ஏறி முடிக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. ஸ்காட்லாந்தில் சர் ஹியூ மன்றோ 1891இல் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளைத் தொகுத்தார். இன்று அந்தப் பட்டியலில் 282 மலைகள். அவருக்கு உயரம் ஒன்றுதான் அளவுகோல். ஜப்பானில் ஃபுகாதா கியூயா 1964இல் நூறு மலைகளைப் பற்றி எழுதியபோது கம்பீரம், வரலாறு, வேறு எந்த மலையிலும் இல்லாத தனித்தன்மை ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். எனக்கு ஃபுகாதாவின் வழிதான் பிடிக்கும். சஹ்யாத்ரிக்காரர்களோ அவரையும் மிஞ்சினார்கள். மலையைத் தேர்வது அவர்களுக்கு உயிர் பிழைக்கிற காரியம். எந்த உச்சியில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எங்கிருந்து பார்த்தால் கணவாயில் வருகிறவன் தெரிவான், எந்த வாசலைப் பத்துப் பேர் நின்று காக்க முடியும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டியவை இந்தக் கோட்டைகள். அவர்கள் தேடிய தண்ணீரும் பார்வையும் நல்ல பாதையும், பல நூற்றாண்டு கழித்துப் பொழுதுபோக்காக ஏறுகிற நமக்கும் அப்படியே கிடைக்கின்றன.

எந்த மலை என்பதைவிட எந்த மாதம் என்பதில்தான் ரசனை தெரியும். மும்பையில் பெருங்கூட்டம் மலைக்குப் போவது மழைக்காலத்தில். அருவி கொட்டும், உடம்பு நனையும், உற்சாகம்தான். ஆனால் உச்சியில் நின்றால் பத்தடிக்கு அப்பால் வெறும் மேகம். சறுக்கலும் சரிவும் வேறு. 2023 ஜூலை 19 இரவு இர்ஷாள்கட் அடிவாரத்தில் ஒரு பழங்குடிக் கிராமமே மண்சரிவில் புதைந்தது. அந்த மலையை மழையில் விளையாட்டுக்கு ஏற இனி எனக்கு மனம் வராது. தை மாதம் ஆகிவிட்டால் புல் காய்ந்து மலை முழுக்கத் தவிட்டு நிறம். பங்குனியில் பாறை சுடும். இடையில் இருப்பது நவராத்திரி தொடங்கிக் கார்த்திகை தீபம் வரையிலான சில வாரங்கள்தான்.

தமிழ்நாட்டில் ஐப்பசி என்றால் அடைமழை. மேற்குத் தொடரின் இந்தக் கோடியில் அதே ஐப்பசி, மழை விடைபெற்று ஈரம் மெல்ல உலரும் மாதம். தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுதுகளாகக் கூதிரையும் முன்பனியையும் வைத்தது. மலையை அறிந்தவர்கள் வகுத்த இலக்கணம் அது என்பது அக்டோபர் கடைசியில் ஒரு கோட்டையின் மேல் நின்றால் புரிந்துவிடும். மழை கழுவிவிட்ட காற்றில் தொலைவில் இருக்கும் மலைகூடக் கோடு பிசகாமல் நிற்கும்.

அந்தக் கோடுகளைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்காக உறைந்து உண்டானது இந்த நிலம். கெட்டியான அடுக்குகள் செங்குத்துச் சுவராக நின்றன. இளகிய அடுக்குகள் கரைந்து சரிவும் திண்ணையுமாகின. அதனால்தான் சஹ்யாத்ரியின் மலை ஒவ்வொன்றும் சரிவு, திண்ணை, சுவர், மறுபடி சரிவு என்று ஏறிப்போகிறது. மராட்டியர் அகன்ற திண்ணையை மாச்சி என்றார்கள், சுவரைக் கடா என்றார்கள், கடாவின் தலையில் உள்கோட்டையைக் கட்டினார்கள். கோட்டைக்கு வேண்டிய வடிவத்தில் பாதியை எரிமலையே செய்து வைத்திருந்தது. ஐப்பசியில் திண்ணைகளில் மட்டும் பச்சைப் புல் நிற்க, சுவர்கள் கறுப்பாக இருக்க, மலை முழுவதும் கறுப்பும் பச்சையுமாகக் கிடைமட்டக் கோடுகள் ஓடும். இந்தக் கோடுகளுக்காகவே நான் இந்த மாதத்துக்குக் காத்திருப்பேன்.

புரட்டாசியிலேயே பூக்கள் தொடங்கிவிடும். சோன்கி என்கிற சின்ன மஞ்சள் பூ சரிவுகளை மூடிக்கொள்ளும். அதனிடையே இளஞ்சிவப்பாகத் தெர்டா, நம் வீட்டு வாசலில் வளர்த்த காசித்தும்பைதான் அது. கார்வி பூக்கும் ஆண்டாக இருந்தால் யோகம். நம் நீலக்குறிஞ்சியின் நெருங்கிய உறவான இந்தச் செடி ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். போரிவிலி தேசியப் பூங்காவின் குன்றுகளில் 2016இல் பூத்தது, பிறகு 2024இல் பூத்தது. அதன் தண்டை வெட்டி மண் பூசி ஆதிவாசிகள் குடிசைச் சுவர் எழுப்புவார்கள். ஏறுகிறவர்களுக்குச் செங்குத்தான இடத்தில் பிடித்துக்கொள்ளக் கை கொடுப்பதும் பெரும்பாலும் இந்தக் கார்விப் புதர்தான்.

இத்தனையும் ஒரே பகலில் கிடைப்பதற்குக் காரணம் லோக்கல் ரயில். நவி மும்பையின் சான்பாடாவில் குடியிருப்பது இந்த விஷயத்தில் பெரிய பாக்கியம். இரண்டு தடங்கள் கூடும் இடம் அது. ஹார்பர் தடத்தில் பன்வேல் பக்கம் போனால் கர்னாளாவும் பிரபள்கட்டும். வடக்கே தானேக்குப் போய் வண்டி மாறினால், கசாரா தடத்தில் ஆசன்காவ் இறங்கி மாஹுலி, கர்ஜத் தடத்தில் வாங்கணி இறங்கிச் சந்தேரி, நேரள் இறங்கி மாத்தேரான். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கிற கூட்டாளிகளோடு தானே பிளாட்பாரத்தில் சேர்ந்துகொள்ளலாம். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பார்சிக் குன்று ஒன்றுதான் மலையென்று கண்ணில் படும். பேலாப்பூர் தாண்டி ரயில் அந்தக் குன்றைச் சுற்றிக்கொண்டு காந்தேஷ்வர் பக்கம் வந்ததும் கிழக்கே திரை விலகினாற்போல் முழுத் தொடரும் விரியும். கைபேசியிலிருந்து தலை நிமிர்த்த வேண்டியது அங்கேதான்.

முதல் மலையாகக் கர்னாளாவைச் சொல்வேன். பன்வேலிலிருந்து கோவா நெடுஞ்சாலையில் பஸ்ஸில் கொஞ்ச தூரம். 1968இல் மகாராஷ்டிரத்தின் முதல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அதைச் சுற்றி இருக்கிறது. துடுப்புவால் கரிச்சானும் அரசவால் ஈப்பிடிப்பானும் வழியில் காணக்கிடைக்கும். உச்சியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாற்போல் ஒரு தனிக் கற்றூண். கயிறும் பயிற்சியும் இல்லாதவர்கள் அதில் ஏற முடியாது, அதன் காலடியோடு நம் பயணம் முடியும். பட்டியலில் குறி போடுகிறவர்களில் சிலருக்கு இது உறுத்தும், உச்சியைத் தொடவில்லையே என்று. எனக்கு அந்த உறுத்தல் இல்லை. தூணின் அடியில் பாறையைக் குடைந்து வெட்டிய தண்ணீர்த் தொட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பதுதான் கர்னாளா. தூணில் பெரிய பெரிய தேனடைகள் தொங்கும். அங்கே பாட்டுப் பெட்டியை அலறவிடுவதும் புகை எழுப்புவதும் கூட வந்தவர்கள் எல்லோருக்கும் ஆபத்து.

கலாவந்தீணைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. பாறையில் வெட்டிய படிகளோடு, பிடிமானச் சுவர் இல்லாமல் வானத்துக்குள் போகிற அந்தக் கூம்பின் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். சனி ஞாயிறுகளில் படிகளில் ஆள்மேல் ஆளாக நிற்கிறார்கள். ஒட்டியிருக்கும் பிரபள்கட்டுக்குப் போங்கள் என்பேன். அடர்ந்த காட்டோடு அகன்ற மேடு, ஆள் குறைவு. அதன் வடக்கு விளிம்பில் வந்து நின்றால் கலாவந்தீணின் முழு உருவமும் எதிரே நிற்கும். அந்தக் கூம்பை அதன் தலைமேல் நின்று ரசிக்க முடியாது, எதிரே நின்றுதான் ரசிக்க வேண்டும்.

ஒரே ஒரு மலைக்குத்தான் நேரம் என்றால் மாஹுலி. 858 மீட்டர், தானே மாவட்டத்தின் மிக உயர்ந்த கோட்டை. வாசிந்த் தாண்டியதுமே ரயில் ஜன்னலில் அதன் வாள்பல் விளிம்பு தெரியும். ஆசன்காவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அடிவாரக் கிராமம். அங்கிருந்து ஒரே முதுகு வழியாக ஏற்றம், மூச்சு வாங்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே இரும்பு ஏணி. மேலே போனால் பாழடைந்த பெருவாசல், பாறையில் குடைந்த காவலர் அறைகள், தண்ணீர், பிறகு எதிர்பாராத அடர்காடு. நிஜாம்ஷாஹி அரசைத் தூக்கி நிறுத்தப் போராடிய ஷாஹாஜி, சிவாஜியின் தந்தை, 1636இல் கடைசியாக அரண் தேடி வந்து பணிந்தது இங்கேதான். புரந்தர் பட்டியலில் மாஹுலி, பண்டார்கட், பளஸ்கட் என்று மூன்று பெயர்கள் வரும். மூன்றும் இந்த ஒரே மலையின் மூன்று பகுதிகள். தெற்கே பண்டார்கட் முனைக்கு நடந்தால் வஜீர், நவ்ரா, நவ்ரி என்று பெயர் கொண்ட கற்றூண்கள், அமைச்சரும் மாப்பிள்ளையும் மணப்பெண்ணுமாக வரிசையில் நிற்கும். மேற்கே பளபளவென்று தான்சா ஏரி. 1892இல் கட்டி முடித்த அந்த அணையின் தண்ணீரும் மும்பைக் குழாய்களுக்கு வருகிறது. தாராவியிலோ மாட்டுங்காவிலோ பிறந்து வளர்ந்தவர் அந்த விளிம்பில் நின்று, தான் குடித்த தண்ணீரைப் பார்க்கும்போது வருகிற உணர்வை வேறு எந்த மலையும் தராது.

கல்சுபாய் 1646 மீட்டர், மகாராஷ்டிரத்தின் கூரை. பாரி கிராமத்திலிருந்து வழி, செங்குத்தான இடங்களில் ஏணிகள். மாநிலத்திலேயே உயர்ந்த இந்த உச்சியில் கோட்டை கிடையாது, அம்மன் கோயில் ஒன்றுதான். நவராத்திரியில் சுற்றுவட்டாரப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறி வந்து கும்பிடுகிறார்கள். உயரத்தை எண்ணி வருகிறவனும் வேண்டுதலோடு வருகிறவளும் ஒரே ஏணியில் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்கிற அந்த நாட்களில்தான் அங்கே போக வேண்டும்.

இப்படிச் சில மலைகள் ஆன பிறகுதான் பட்டியலின் உண்மையான பயன் தெரிய வரும். கல்சுபாய் மேல் முதன்முறை நிற்கிறவருக்குச் சுற்றிலும் மலை, மலை, மலை. ஏற்கெனவே ஏறிப் பழகியவர் மேற்கே கை நீட்டி அலங், மதன், குலங் என்பார். தெற்கே திரும்பி ரதன்கட், அப்பால் ஹரிஷ்சந்திரகட் என்பார். ஒவ்வொன்றையும் அதன் தோளை வைத்து, பக்கத்துக் கணவாயை வைத்து அடையாளம் சொல்வார். இதற்குத்தான் பட்டியல். குறி போட்ட எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிறவரைவிட, தூரத்து மலையைப் பார்த்துப் பேர் சொல்கிறவரிடம் எனக்கு மரியாதை அதிகம். இந்தக் கண்ணைப் பல தலைமுறைக்குப் பழக்கிவிட்டவர்கள் மகாராஷ்டிரத்தில் உண்டு. 1954இல் தொடங்கிய கிரிவிஹார் மலையேற்றச் சங்கம் உண்டு. மராட்டியில் கோட்டைகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதிய கோ. நீ. தாண்டேகர் உண்டு. துணி வணிகம் செய்துகொண்டே மலைகளை அளந்து சஹ்யாத்ரிக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஹரீஷ் கபாடியாவும் உண்டு.

அக்டோபர் வெயில் பொல்லாதது, அதையும் சொல்லிவிடுகிறேன். நடுப்பகலில் நிழல் இல்லாத முதுகில் ஏறினால் தலை சுற்றும். முதல் லோக்கலைப் பிடித்து, பத்து மணிக்கு உச்சியில் இருந்து, இறக்கத்தைப் பிற்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். காயத் தொடங்கிய புல் மழைக்காலச் சேற்றைவிட வழுக்கும். அடிவாரக் கிராமத்தில் காலையிலேயே சொல்லிவிட்டுப் போனால் இறங்கும் நேரத்தில் சூடாகப் பாக்ரியும் பிட்லாவும் பச்சைமிளகாய்த் தேச்சாவும் காத்திருக்கும். அந்த வீட்டுப் பாட்டி வைக்கிற விலையில் பேரம் பேசாதீர்கள்.

தீபாவளி வந்துவிட்டால் நவி மும்பைக் குடியிருப்புகளின் முற்றத்தில் பிள்ளைகள் மண் குழைத்துக் கோட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் கொலுவுக்குப் படி கட்டுகிற அதே ஈடுபாட்டோடு அவர்கள் மாச்சியும் பெருவாசலும் செய்து, தானியம் தூவி முளைவிடச் செய்து, உச்சியில் சிவாஜி பொம்மையை உட்கார வைக்கிறார்கள். சான்பாடாவில் நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் சேறு பூசிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் கட்டுவது ராய்கட்டா, ராஜ்கட்டா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அந்த வயதில் கூட்டிக்கொண்டு போனால் மலை மனசில் ஒட்டிக்கொள்ளும்.

பட்டியல் இப்போது இன்னும் நீண்டிருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலப் போர்க்கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. சால்ஹேர், ராய்கட், ராஜ்கட், லோஹகட், பிரதாப்கட் எல்லாம் அதில் உண்டு. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை அது. பின்னால் அவர் மகன் ராஜாராம் அங்கே தங்கி, மொகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார். 1698இல்தான் செஞ்சி விழுந்தது. கர்னாளாவும் மாஹுலியும் ஏறி முடித்த சான்பாடாக்காரர்கள் பொங்கலுக்கு ஊர் போகும்போது ஒரு நாளை ஒதுக்கிவையுங்கள். திண்டிவனத்தில் இறங்கி மேற்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி வந்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன் ராஜகிரியில் ஏறிவிடுங்கள்.