காலேஜ் சம்பளத்துக்கு எழுதிய காதல்

'இருவர் உள்ளம்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் பாட்டு வரும். பிறகு சிவாஜியா சரோஜாதேவியா என்று ஒரு சுற்று, கலைஞர் வசனம் என்று இன்னொரு சுற்று. எனக்கு அந்தப் படத்தில் இன்றுவரை உறுத்திக்கொண்டிருப்பது தலைப்புதான். மூலக்கதை எழுத்தாளர் லட்சுமியின் 'பெண்மனம்' நாவல். 1963இல் அது எல்.வி.பிரசாத்தின் கைக்குப் போய்ப் படமானபோது, ஒரு மனம் இரண்டு உள்ளமாகிவிட்டது. என்ன காரணமோ, சினிமாக்காரர்களுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். ஆனால் நாவலைப் படித்துவிட்டுத் தியேட்டருக்குப் போனவர்களுக்கு அது வெறும் பெயர் மாற்றமாக இருந்திருக்காது. பிடிக்காதவனைக் கட்டிக்கொண்ட ஒருத்தியின் மனசு எந்த நாளில், எந்த நாழிகையில் இளகியது என்பதுதான் கதையே. அதில் பாதியைத் தூக்கி மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நல்ல படம், இல்லையென்று சொல்லவில்லை. நானே நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தலைப்பு வரும்போது மட்டும் ஒரு சின்ன முணுமுணுப்பு.

லட்சுமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரும் 'குடும்ப நாவலாசிரியை' என்று தொடங்குவார்கள். குடும்பம் என்ற வார்த்தையை முன்னால் போட்டுவிட்டால் காதல் என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. என்னைக் கேட்டால் அவர் முழுக்க முழுக்கக் காதல் நாவலாசிரியைதான். மற்றவர்கள் கதையைக் கல்யாணத்தில் கொண்டுபோய் முடித்தார்கள். இவர் 'பெண்மன'த்தில் கல்யாணத்தை வாசற்படியாக வைத்து உள்ளே நுழைந்தார். மேளம் கொட்டி, விருந்து முடிந்து, வந்தவர்கள் தேங்காய்ப் பையோடு பஸ் ஏறிய பிறகு, அறிமுகமில்லாத இரண்டு பேர் ஒரே வீட்டில் மிச்சமிருப்பார்களே, அந்த வேளைதான் அவருக்குக் காதல் பிறக்கும் வேளை.

இது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில், அவர் டாக்டர் என்பது. இயற்பெயரில் டாக்டர் திரிபுரசுந்தரி. பிரசவ வார்டில் நிற்கிற டாக்டருக்குக் கதை கல்யாணத்தோடு முடிவதில்லை. மஞ்சள் கயிற்றோடு வந்து படுக்கிற ஒவ்வொருத்தியும் இரண்டாம் பாகம்தான். அழைத்துவந்தவன் வராந்தாவில் நிற்கிறானா, பீடி வாங்கப் போய்விட்டானா என்பதைப் பார்த்தே அந்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிற கண் அந்தத் தொழிலில் வந்துவிடும். கர்ப்பிணிகளுக்காக அவர் எழுதிய 'தாய்மை'யையும் 'பெண்மன'த்தையும் ஒரே அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். நூலகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, அவர் எழுத்துக்கு வந்த கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எனக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் பிடிக்கும். காவிரியின் வடகரையில் தொட்டியத்துப் பெண். பிறந்தது 1921இல். பெண்ணை எட்டாவதோடு நிறுத்துகிற காலத்தில் சென்னைக்கு வந்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாகிவிட்டது. நடுவில் வீட்டில் பணமுடை. படிப்பு நின்றுவிடும் போலிருந்தது. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அப்போது இருந்த வழிகள் என்ன? வளையலை அடகு வைக்கலாம், உறவுக்காரர் வாசலில் போய் நிற்கலாம், ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். இந்தப் பெண் நேரே ஆனந்த விகடன் வாசனிடம் போய், எழுத வாய்ப்புத் தாருங்கள், வருகிற பணத்தில் படிப்பை முடித்துக்கொள்கிறேன் என்று கேட்டது. அவரும் கொடுத்தார். 1940இல் 'தகுந்த தண்டனையா?' என்ற சிறுகதை விகடனில் வந்தது. பிறகு 'பவானி' நாவல். லட்சுமி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

'கேட்டது' என்ற அந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிடுகிறேன். நம் எழுத்தாளர்களின் பிறப்புக் கதைகள் பொதுவாக எப்படி இருக்கும்? ஏதோ ஒரு மழைநாளில் உள்ளுக்குள் என்னவோ பொங்கியது, எழுதாமல் இருக்க முடியவில்லை என்றிருக்கும். இல்லாவிட்டால் நண்பர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார் என்று அடக்கமாக ஒன்று. லட்சுமி தன் கதையைத் தானே 'கதாசிரியையின் கதை' என்று எழுதிவைத்தார். காலேஜ் சம்பளம் கட்ட வேண்டியிருந்தது, எழுதினேன். அதில் வெட்கமும் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. ஊசி போட்டதற்குப் பணம் வாங்குகிற மாதிரி கதை எழுதியதற்கும் பணம். இதைச் சொன்னால் என் இலக்கிய நண்பர்களுக்கு முகம் கோணும். பணத்துக்கு எழுதியதெல்லாம் எழுத்தா என்பார்கள். அந்தப் பணம் ஒரு பெண் டாக்டரை உண்டாக்கியது என்பதை அவர்கள் எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

ஒரு காட்சியை நானாகக் கற்பனை செய்துகொள்வதுண்டு. ஓல்டு ஜெயில் ரோட்டுப் பக்கம் ஒரு விடுதி அறை. மேஜையில் ஒரு பக்கம் எலும்புகளின் பெயர் எழுதிய நோட்டு. மறுபக்கம் கோடு போடாத தாள். கதாநாயகி கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திறப்பதா வேண்டாமா? காலையில் வைவா இருக்கிறது. சாத்தியபடியே 'தொடரும்' போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடலாம். தொடர்கதையின் திறமையான வார முடிவுகளில் சிலவற்றுக்கு இப்படிப்பட்ட சோர்வே காரணமாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இவருக்கு முன்னால் வை.மு.கோதைநாயகி இருக்கிறார், மறுக்க முடியாது. எழுதத் தெரியாத காலத்தில் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதவைத்து நாடகம் படைத்தவர். பிறகு 'ஜகன்மோகினி'யையே ஏற்று நடத்தி நூற்றுக்கு மேல் நாவல் கொடுத்தவர். ஆனால் அவர் நாவலில் காதல் துப்பறியும் கதையோடு கைகோத்து வரும். திடீர்த் திருப்பம் உண்டு, தேசபக்தி உண்டு. லட்சுமியில் திருப்பம் என்றால் நாத்தனார் இரண்டு நாள் முன்னதாக ஊரிலிருந்து வந்துவிடுவது. அவ்வளவுதான். அதைக் கொண்டு மூன்று அத்தியாயம் நம்மை நகர விடாமல் வைப்பார்.

என் தோழி ஒருத்தி அனுத்தமா கட்சி. 'கேட்ட வரம்' எழுதியவரை விட்டுவிட்டு உன் லட்சுமியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாயே என்று நாற்பது வருஷமாகக் கேட்கிறாள். வாக்கியத்துக்கு வாக்கியம் வைத்துப் பார்த்தால் அனுத்தமா மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆர்.சூடாமணியின் மௌனங்கள் லட்சுமியிடம் கிடையாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜுரத்தில் படுத்திருக்கும்போது எடுக்கிற புத்தகம் எது என்று அவளிடம் கேட்டேன். பதிலே இல்லை. அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் லட்சுமியின் 'மிதிலா விலாஸ்' இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தலைப்பையும் கொஞ்சம் பாருங்கள். மிதிலை சீதையின் பிறந்தகம். விலாஸ் என்பது ஊருக்கு ஊர் பங்களா வாசலிலும் காபி ஓட்டல் பலகையிலும் தொங்குகிற சொல். புராணத்தையும் பலகையையும் சேர்த்துத் தைத்து ஒரு நாவலுக்கு நெற்றிப்பட்டம் கட்டியாகிவிட்டது. எந்தப் பெண்ணுக்கு எது வீடு என்கிற கேள்வி முதல் பக்கத்தைப் புரட்டுமுன்பே நமக்கு வந்துவிடுகிறது. இதற்கெல்லாம் நடுப்பக்கக் கட்டுரை யாரும் எழுதுவதில்லை.

1955இல் அவர் தென்னாப்பிரிக்கா போனார். கணவர் கண்ணபிரான் அந்த நாட்டுத் தமிழர். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள் வாழ்கிற நாடு. நிறவெறிச் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த நேரம். யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்தது. இருபத்திரண்டு வருஷம் அங்கே டாக்டராக வாழ்க்கை. வாரப் பத்திரிகைகளில் அவர் பெயர் அரிதாயிற்று. ரசிகர்கள் இதை இழப்பு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்தாளர் என்றால் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பத்திரிகைக்காரர்கள் கட்டிவிட்ட கதை. அவருக்கு வேறொரு தொழில் இருந்தது, வீடு இருந்தது. காத்திருக்கிற நோயாளிகள் 'அடுத்த வாரம் என்ன?' என்று கேட்க மாட்டார்கள்.

1977இல் திரும்பி வந்தார். இங்கே எல்லாம் மாறிப்போயிருந்தது. சுஜாதாவின் ஜீன்ஸ் போட்ட வசனம், சிவசங்கரி, இந்துமதி, வாஸந்தி என்று புது வரிசை. ஐம்பத்தாறு வயதில் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும்! நின்றார், மறுபடி தொடர்கதை எழுதினார், மறுபடி படித்தார்கள். 1984இல் 'ஒரு காவிரியைப் போல'வுக்கு சாகித்ய அகாதெமி விருது. சிறுபத்திரிகை வட்டாரம் முகத்தைச் சுளித்தது. விருது கிடைத்த நாவல் அவருடைய சிறந்த நாவல் இல்லை என்பதில் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் தொட்டியத்துக்காரிக்குக் கடைசியில் காவிரி பெயரிலேயே விருது வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். மூன்று வருஷம்கூட ஆகவில்லை, 1987 ஜனவரியில் போய்விட்டார்.

அவருக்குப் பிறகு ரமணிசந்திரன் ராஜ்யம். படித்தவள்தான் நான், ரகசியமாக அல்ல. ஆனால் அந்தக் கோபக்கார, உயரமான, தொழிலதிபக் கதாநாயகன் இறுதி அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்கும்வரை பொறுத்திருப்பதில் எனக்குச் சலிப்புத் தட்டிவிடும். இப்போது போனில் தினம் ஓர் அத்தியாயம் வருகிறது. 'ஆன்ட்டி ஹீரோ' என்று தனிச் சாதியே உண்டாகிவிட்டதாம். கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போகிறவன், அறைகிறவன். அவனுக்குக் கீழே இதயப் படங்களாகக் குவிகின்றன. அதை விடுங்கள், அது ரசனை. 'அவன் விழிகள் சிவந்தது' என்று எழுதுகிறார்களே, இரண்டு விழிகளுக்கு ஒருமை வினை போட்டால் எந்தக் காதல் நிற்கும்? அந்தக் காலத்தில் புரூஃப் பார்க்கிறவர் ஒருவர் அச்சுக்கூடத்து மூலையில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். கதாநாயகி அழுதால்கூட ஒருமை பன்மை பார்த்துத்தான் அழவிடுவார்.

எனக்கு லட்சுமி வந்தது சித்தி வழியாக. எழுபதுகளில், எங்கள் தெருக்கோடியில் ஒரு லெண்டிங் லைப்ரரி. வாரத்துக்கு இத்தனை பைசா என்று வாடகை. அங்கே இருந்த லட்சுமி நாவல் ஒன்றில் நடுவில் ஒரு பாரம் கழன்று போயிருந்தது. பதினாறு பக்கம். 112க்குப் பிறகு 129. எந்த நாவல் என்று சொல்ல மாட்டேன். கணவன் மனைவிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத நிலையில் 112 முடிகிறது. 129இல் இருவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் புறப்படுகிறார்கள். நடுவில் என்ன நடந்தது?

சித்தி அதை முன்னமே முழுசாகப் படித்தவள். கேட்டால் சொல்லுவாள். அரிவாள்மணையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே, கையில் கறை ஏறாமல் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு சொல்லுவாள். அவனுக்கு டைபாய்டு ஜுரம், அவள் ராத்திரி முழுக்க விழித்து ஈரத்துணி போட்டாள், விடியற்காலையில் அவன் கண் திறந்து தண்ணி கேட்டான், அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை பேசிக்கலை என்பாள். இரண்டு வருஷம் கழித்து மறுபடி கேட்டபோது டைபாய்டு போய் அவன் மாடிப்படியில் விழுந்திருந்தான். தண்ணீர் மட்டும் மாறவில்லை. எப்போது கேட்டாலும் விடியற்காலை, அவன் கண் திறப்பு, ஒரு டம்ளர் தண்ணி. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் அதிகம் பேச்சு கிடையாது என்பது எனக்குத் தெரிந்த வயது அது. டம்ளரைப் பற்றி நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

போன வருஷம் அந்த நாவலின் புது அச்சு ஒன்று கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காபிகூடக் குடிக்காமல் அந்த இடத்தைத் தேடி எடுத்தேன். ஜுரம் இல்லை. மாடிப்படி இல்லை. தண்ணீர் கேட்பவர் யாரும் இல்லை. சித்தி சொன்னதில் ஒரு வரிகூட அதில் இல்லை.

சித்திக்கு இப்போது எண்பத்து மூன்று. போன் போட்டு, "என்ன சித்தி, இப்படிக் கதை விட்டுட்டியே, புஸ்தகத்துல அப்படி எதுவுமே இல்லையே" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"புது அச்சுதானே? எடுத்துட்டிருப்பா," என்றாள்.