அளவு சொல்லாத எச்சரிக்கை

கதையை விமர்சிக்கிறோம், நாடகத்தை விமர்சிக்கிறோம். மருந்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கை வாக்கியத்தை யாரேனும் விமர்சித்ததுண்டா? இம்முறை அதைச் செய்து பார்ப்போம். நாளேடுகளின் நலவாழ்வுக் குறிப்புகளில், சிற்சில மாற்றங்களோடு நீங்களும் படித்திருக்கக்கூடிய வாக்கியம்தான்: "சிறுநீர்ப்பைக்கான மருந்துகளால் இரத்த அழுத்தம் குறையலாம், தலைசுற்றல் ஏற்படலாம்."

சிறிய வாக்கியம், ஆனால் அது செய்யும் வேலை பெரிது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சிறுநீர் கழிக்கும் உணர்வு வந்துவிட்டால் அடக்க முடிவதில்லை. இரவில் நான்கு முறை எழுகிறார். இதற்காக மருத்துவர் மிராபெக்ரான் என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் பத்திரிகைத் துண்டுடன் வந்தார். "பாருங்க தம்பி, எனக்கு ஏற்கெனவே லோ பிரஷர். இதைச் சாப்பிட்டா இன்னும் இறங்கிடுமாம். நிறுத்திட்டேன்" என்றார். அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டிருந்தார்.

அந்த வாக்கியத்தில் உள்ள முதற் குறை, 'மருந்துகள்' என்னும் பன்மை. சிறுநீர்ப்பையின் சுவர் தசையால் ஆனது. அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் நரம்பின் கட்டளையைக் கொண்டுவந்து அத்தசையைச் சுருங்கச் செய்கிறது. ஆக்சிபியூட்டினின், டோல்டிரோடின், சோலிஃபெனாசின் ஆகியவை அக்கட்டளையைத் தடுப்பவை. வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல், முதியோரிடம் மனக்குழப்பம் ஆகியவை இவற்றால் வரும் முக்கியத் தொல்லைகள்.

மிராபெக்ரான் வேறு வகை. 2011-இல் ஜப்பானிலும் 2012-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இது கட்டளையைத் தடுப்பதில்லை. தசையிலுள்ள பீட்டா-3 ஏற்பிகளைத் தூண்டி அதைத் தளரச் செய்கிறது. இதைக் கொடுக்கும்போது மருத்துவர்கள் கவனிப்பது இரத்த அழுத்தம் குறைகிறதா என்பதையன்று, ஏறுகிறதா என்பதையே! கட்டுக்கு அடங்காமல் 180/110-க்கு மேல் அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கூடாது என்பது விதி.

மூன்றாவது வகை டாம்சுலோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பான்கள். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர் தடைப்படும்போது, அச்சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்த இவை தரப்படுகின்றன. இதே போன்ற தசை இரத்தக் குழாய்களின் சுவரிலும் உண்டு. அதுவும் ஓரளவு தளர்வதால், எழுந்து நிற்கையில் அழுத்தம் இறங்கக்கூடும். ஆகவே நம் வாக்கியம் முதன்மையாகப் பொருந்துவது இந்த மூன்றாவது வகைக்கு மட்டுமே.

பெரியவரிடம் அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் கொண்டுவரச் சொன்னேன். அவற்றுள் டாம்சுலோசினும் இருந்தது! அதை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தியது எது, மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டியது எது என்று நீங்களே பாருங்கள்.

இரண்டாவது குறை, 'குறையலாம்' என்னும் வினைச்சொல். எவ்வளவு குறையும்? நூறிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கினாலும் குறைவுதான். அறுபதுக்கு இறங்கினாலும் குறைவுதான். பொதுவாக 90/60-க்குக் கீழே இருந்தால் தாழ்ந்த அழுத்தம் என்கிறார்கள். ஆனால் நலமுள்ள இளம்பெண் ஒருத்தி வாழ்நாளெல்லாம் அந்த அளவிலேயே எந்தத் தொல்லையுமின்றி இருக்கக்கூடும். மாறாக, படுத்திருக்கையில் 150 இருந்து, எழுந்தவுடன் 120-க்கு இறங்கும் முதியவர் தள்ளாடக்கூடும். 120 என்பது 'சரியான' அளவாயிற்றே என்று நாம் வியப்போம். எண் அன்று, எண்ணில் ஏற்பட்ட மாற்றமே அவரைத் தள்ளாட வைத்தது.

மூன்றாவது குறைதான் இயற்பியல் ஆசிரியனாகிய என்னை மிகவும் உறுத்துவது. உடல் எந்த நிலையில் இருக்கும்போது என்பதை வாக்கியம் சொல்லவே இல்லை. திரவத்தின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? இரத்தமும் திரவமே. அதன் அடர்த்தி 1.06, பாதரசத்தின் அடர்த்தி 13.6. கணக்கிட்டால், இதயத்திற்கு மேலே ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்திற்கும் அழுத்தம் ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசம் குறைகிறது. நிற்கும்போது தலை இதயத்திற்கு 30 செ.மீ. மேலே உள்ளதெனக் கொண்டால், அங்கே அழுத்தம் 23 மி.மீ. குறைவு. படுத்திருந்தால் இந்த வேறுபாடு இல்லை.

எழுந்து நின்றதும் அரை லிட்டர் அளவு இரத்தம் வயிற்றின் கீழ்ப்பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் இதை அறிந்து அறிவிக்க, சில நொடிகளில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, குழாய்கள் சுருங்குகின்றன. அச்சுருக்கத்தை ஆல்ஃபா தடுப்பான் தளர்த்தினால், அல்லது தண்ணீர் குடிக்காமல் இரத்தத்தின் கன அளவே குறைந்திருந்தால், இந்த ஈடுகட்டல் தாமதமாகும். நள்ளிரவில் அவசரமாகக் குளியலறைக்கு ஓடும் முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு அந்தச் சில நொடிகள் போதும்.

இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் 1733-இல் வெளியிட்ட நூலை நினைத்துப் பாருங்கள். பெண் குதிரை ஒன்றின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் அவர். குதிரையை மல்லாத்திக் கட்டியிருந்ததையும், இதயத்தின் இடது கீழறைக்கு மேல் 8 அடி 3 அங்குலம் இரத்தம் ஏறியதையும் அவர் எழுதி வைத்தார். உடல் நிலை, அளவு, எங்கிருந்து அளந்தது ஆகிய மூன்றும் அதில் உள்ளன. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதப்படும் நம் வாக்கியத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

"பொதுமக்களுக்கு எண்கள் புரியா" என்று எழுதுபவர்கள் சமாதானம் சொல்லலாம். அரிசி விலையும் மழை அளவும் புரிகிறவர்களுக்கு இது புரியாதா? "இடம் இல்லை" என்பதும் பொருந்தாது. இதோ, நான்கே வரிகளில் திருத்திய வடிவம்:

"புராஸ்டேட் தொல்லைக்காக டாம்சுலோசின் போன்ற மாத்திரை உண்பவர்களுக்கு, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கக்கூடும். நின்ற 3 நிமிடத்திற்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 மி.மீ. குறைந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். இரவில் எழும்போது படுக்கையில் சற்று உட்கார்ந்து பின் நில்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்."

எச்சரிப்பது நல்லதே. அதை நான் குறை கூறவில்லை. எதற்கு அஞ்ச வேண்டும், எவ்வளவு அஞ்ச வேண்டும் என்று சொல்லாத எச்சரிக்கை அச்சத்தை மட்டுமே தருகிறது என்பதே என் குறை. பெரியவர் எல்லா மாத்திரைகளோடும் மருத்துவரிடம் சென்றார். படுக்க வைத்து ஒரு முறையும், நிற்க வைத்து இரு முறையும் அளந்த பிறகே, எதைத் தொடர்வது எதை மாற்றுவது என்று அவர் முடிவு செய்தார். அடுத்த முறை இத்தகைய வாக்கியத்தைப் படிக்கும்போது, வாசகர்களே, மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த மருந்து? எவ்வளவு? எந்த நிலையில்?