கலாபகாலச் சித்திரங்களும் ப்ரமாணமும்

1323இல் தில்லிச் சேனை திருவரங்கத்தை நெருங்கியபோது, பிள்ளைலோகாசார்யர் நம்பெருமாளை மறைவாக எழுந்தருளப்பண்ணிக்கொண்டு புறப்பட்டருளினார். நூல்களின் மேலட்டைகளிலும் உத்ஸவ மலர்களிலும் இக்காட்சி அடிக்கடி தீட்டப்படுகிறது. கணினி வந்தபின் இன்னும் பெருகிவிட்டது. தீட்டுவோரின் பக்திக்குக் குறைவில்லை. ப்ரமாணத்துக்கே குறைவு.

இச்சித்திரங்கள் பலவற்றில் பின்னே உயர்ந்து நிற்பது பதின்மூன்று நிலை ராஜகோபுரம். நெடுங்காலம் மொட்டைக்கோபுரமாக நின்ற அது, அஹோபில மடம் 44ஆம் பட்டம் அழகியசிங்கரின் பெருமுயற்சியால் 1987இல்தான் நிறைவெய்தியது. கலாபகாலத்தில் அதன் அடித்தளமும் இல்லை. சேஷராயர் மண்டபத்தின் பாயும் குதிரைகளும் பிற்காலத்தனவே. அன்று உண்மையாகவே இருந்தது, ஜடாவர்மன் சுந்தரபாண்டியன் பொன்வேய்ந்த விமானம். அதையோ கருங்கல் நிறத்தில் தீட்டிவிடுகின்றனர். பழமை என்றாலே மங்கல் என்னும் எண்ணம் போலும்!

கட்டடப் பிழையினும் பெரிது பாவப் பிழை. பகைவர் கண்ணுக்குத் தப்பிச் சென்ற பயணத்தில் குடையும் தீவட்டியும் வாத்தியமும் எப்படிப் பொருந்தும்? வழியில் கள்வர் திருவாபரணங்களைக் கவர்ந்தனர் என்பது குருபரம்பரை வழக்கு. அப்படியிருக்க, மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியிலும் நம்பெருமாளை ப்ரஹ்மோத்ஸவ சாத்துப்படியோடு காட்டினால், ஆசார்யர் அங்கே திருநாடு எய்துமளவும் பட்ட துயரம் முழுதும் மறைந்துபோகிறது. ச்ருதப்ரகாசிகையையும் ஸுதர்சனஸூரியின் குமாரர் இருவரையும் காக்கச் சவங்களினிடையே கிடந்த வேதாந்த தேசிகரை அர்ச்சைத் திருக்கோலத்தில் அமர்த்துவதும் அவ்வாறே. பிற்காலத்துக் கலைபேதத் திருமண்ணை இருவர் திருநெற்றியிலும் அழுத்தந்திருத்தமாகத் தீட்டுவதில் மட்டும் ஓவியர் தவறுவதில்லை.

பக்திக்கு பாவனை போதாதோ எனலாம். நம் வ்யாக்யாதாக்களும் பாவித்தவர்களே. ஒவ்வொரு திருவாய்மொழிக்கும் அவதாரிகை அருளி, ஆழ்வார் நின்ற நிலையைக் கண்முன் நிறுத்தினர். ஆயினும் அந்தப் பாவனை மூலத்தின் சொல்லிலிருந்து எழுந்தது. சொல்லுக்கு விரோதமாக ஒன்றையும் சேர்த்ததில்லை.

இத்தகைய சித்திரத்துக்குத் தகுந்த மூலம் திருவரங்கத்திலேயே இருக்கிறது. 1371இல் கோபணார்யர் நம்பெருமாளைத் திருமலையிலிருந்து செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணிச் சிலகாலம் ஆராதித்து, பின்னர் உபயநாச்சிமாரோடு திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டித்ததைச் சொல்லும் ச்லோகங்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஊர், ஆள், செயல், வரிசை யாவும் அவற்றில் உள. திரும்பி வந்த அந்நாளைத் தீட்ட விரும்பும் ஓவியர் முதலில் அவற்றைப் படித்துப் பொருள் கேட்டறியலாம்.