அதிர்வு வேறு, டோன் வேறு

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் பேஸ் கிட்டாருக்கு நிலையான மேடை என்றால் அது சபைதான். ஞாயிறு ஆராதனை, கொயர், கன்வென்ஷன் பந்தல் என்று ஆண்டு முழுக்க வேலை உண்டு. ஆனால் ஆம்ப் வாங்கப் போனால், நெஞ்சு அதிர்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறோம். அந்தச் சோதனை டோனைப் பற்றி எதுவும் சொல்லாது.

நாலு கம்பி பேஸின் தாழ்ந்த 'ஈ' 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். கான்கிரீட் கூரையும் எதிரெதிர்ச் சுவர்களும் உள்ள ஆலயத்தில் அது மோதித் திரும்பி, ஓரிடத்தில் வீங்கும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். ஆனால் காது 41-ஐ மட்டும் நம்பி இல்லை. 82, 123 என மேலே அடுக்கடுக்காக வரும் மேற்சுரங்கள் தெளிவாக இருந்தாலே சுரம் பிடிபட்டுவிடும். டோனின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இந்த அளவுகோலோடு டியூப் ஆம்பை முதலில் பார்ப்போம். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி.-யை எடுத்துக்கொள்வோம்: 300 வாட், தலைப்பெட்டி (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அதன் கதகதப்பான முறுக்கு உண்மையானதுதான். ஆனால் உரக்க ஓட்டினால்தான் அது முழுசாக வெளிப்படும். அந்தச் சத்தத்தில் கொயர் மூழ்கிவிடும். ஆகவே சபைக்கு ஒத்துவராது.

ஆம்பே வேண்டாம், டி.ஐ. பெட்டி வழியாக நேரே மிக்சருக்குக் கொடுக்கலாம் என்பார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அது நல்ல வழி. ஆனால் ஆலயத்தில் பிரசங்கத்துக்கென்று மாட்டிய தூண் வடிவ ஸ்பீக்கர்கள் இந்தத் தாழ்சுரங்களைத் தாங்கா. வாசிப்பவருக்கும் தன் வாசிப்பு கேட்காது.

15 இன்ச் டிரான்சிஸ்டர் காம்போ மலிவானது, உள்ளூரிலேயே பழுது பார்க்கலாம். ஆனால் 15 இன்ச் என்றாலே பேஸ் கூடும் என்பது தவறு. ஸ்பீக்கரின் வடிவமைப்பும் பெட்டியின் கொள்ளளவும் அதன் துளையின் அமைப்பும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. மலிவான பெட்டிகள் பல, எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஒரே மாதிரி 'தும்' என்கின்றன.

அடுத்தது, கிளாஸ்-டி என்னும் சுவிட்சிங் வகை ஆம்ப். இதன் தலைப்பெட்டி பெரும்பாலும் நான்கு கிலோவுக்குள்தான், 300 வாட்டும் அதற்கு மேலும் தருபவை பல உண்டு. பழுதானால் உள்ளூரில் சரிசெய்வது கடினம் என்பது மெய்யான குறை. ஆனால் தலைப்பெட்டி தனியாக இருப்பதால் அதை மட்டும் அனுப்பிவிட்டு, அந்த ஒரு ஞாயிறை மட்டும், குறைகளோடாவது, டி.ஐ. வைத்துச் சமாளிக்கலாம். வாட் கணக்கிலும் மயங்க வேண்டாம்: இரு மடங்கு வாட் கூட்டித் தருவது 3 டெசிபல்தான், சத்தம் இரு மடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வேண்டும்.

எந்த ஆம்பையும் இப்படிச் சோதியுங்கள்: கொயர் பயிற்சியில், பேஸோடு மோதும் இடது கை வாசிப்பை நிறுத்தும்படி கீபோர்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஆம்பின் லோ குமிழை நடுவில் விட்டு, மிட் குமிழை, 500 முதல் 800 ஹெர்ட்ஸ் பக்கம், சற்றே ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல் போலிருக்கும். ஆண்குரல்கள் சேர்ந்ததும் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும். கடையில் தனியாகக் கேட்டு மயங்குபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

என் தீர்ப்பு: கிளாஸ்-டி தலைப்பெட்டி, மேற்சுரங்களைத் தெளிவாகத் தரும் நல்ல 12 இன்ச் கேபினெட் ஒன்று, துணையாக மிக்சருக்கு டி.ஐ. இணைப்பு. பணம் போதாவிட்டால் 12 இன்ச் டிரான்சிஸ்டர் காம்போ. எதுவானாலும், கொயர் பாடும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டு, சுரம் விளங்கினால் மட்டும் வாங்குங்கள்.