அங்கதம் யாரை நோக்கி?

இராணுவ ஆட்சிக் காலத்து அங்கத நாடகம் என்றதும், சர்வாதிகாரியைக் கேலி செய்வதே அதன் பணி என்று எண்ணிக்கொள்கிறோம். நைஜீரிய நாடகாசிரியர் வோலே சொயிங்காவின் 'ஒப்பெரா வொன்யோசி' இந்த எண்ணத்தைக் குலைக்கின்றது. 1728இல் லண்டனில் மேடையேறிய ஜோன் கேயின் 'பிச்சைக்காரர் ஒப்பெரா'வை, 1928இல் பேர்லினில் பிறெக்ற் 'மூன்று பென்னி ஒப்பெரா' ஆக்கினார். இவ்விரண்டையும் அடியொற்றிய சொயிங்காவின் நாடகம், நைஜீரியாவை இராணுவம் ஆண்டுகொண்டிருந்த 1977 டிசம்பரில் இஃபே பல்கலைக்கழகத்தில் மேடையேறியது.

கதைக்களம் மத்திய ஆபிரிக்கா. பொக்காசா சக்கரவர்த்தியாக முடிசூடும் தருணம். அந்த முடிசூட்டு விழாவும் அதே மாதத்தில் உண்மையாகவே நடந்தது. ஆனால் நாடக மாந்தருட் பலர் அங்கே குடியேறியிருக்கும் நைஜீரியர்கள். அவர்களுள் ஒருவன் பிச்சையெடுப்பதை ஒரு தொழிலாகவே நடத்துகிறான். துயரம் அவனுக்கு முதலீடு. 'வொன்யோசி' என்பதோ, எண்ணெய்ப் பணம் பெருகிய காலத்தில் நைஜீரியச் செல்வர்கள் கொள்ளை விலை கொடுத்து அணிந்த ஒரு லேஸ் துணி. கொடுங்கோலனைப் பார்த்துச் சிரிக்க வந்த சபை, தன் உடுப்பையே மேடையில் காண நேர்கிறது.

எங்கள் அரங்குக்கு வருவோம். 1985இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்', பயங்கரவாதத் தடைச் சட்டமும் இராணுவமும் நெருக்கிய ஒரு சமூகத்தின் குரலாயிற்று. அந்தத் துயரக் குரலின் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் ஒப்பாரிக்கு எதிரி ஒருவன் போதும். அங்கதத்துக்குத் தன்னையே பார்த்துச் சிரிக்கும் துணிவும் வேண்டும். எங்கள் பிள்ளைகளின் துப்பாக்கிகளே ஆட்சியான பின்னர் அந்தத் துணிவுக்கு இடமிருக்கவில்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்ற கவிஞர் செல்வியை 1991இல் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பவில்லை.

சனம் சாகும்போது சுயகேலி எதிரிக்கே உதவும் என்று வாதிட்டவர்கள் எம்மிடையே உண்டு. உள்நாட்டுப் போரைத் தடுக்க முயன்றமையால் 1967 முதல் 1969 வரை சிறையிருந்த சொயிங்காவுக்கும் சாவின் கனம் தெரிந்தேயிருந்தது. தெரிந்துதான் தன்னவரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

போர் 2009இல் முடிந்தது. லண்டன் மண்டப வாசலில் எந்தச் சிப்பாயும் நிற்கவில்லை. இருந்தும் எங்கள் மேடைகளில் நான் கண்ட நகைச்சுவை பெரும்பாலும் புதிதாய் வந்தவனின் உடைந்த ஆங்கிலத்தோடும் மாமி மருமகள் சண்டையோடும் நின்றுவிடுகிறது. கணக்குக் கேட்கப்படாமற் சேர்த்த நிதி, கடல் தாண்டியும் கைவிடாத சாதி, சாமத்தியச் சடங்குக்குக் கடன்பட்டு எடுக்கும் பட்டு: எங்கள் வொன்யோசி இவைதாம். இவற்றை மேடையேற்றினால் இங்கே யாரும் எம்மைச் சிறையிலடைக்கப் போவதில்லை. மண்டபம் கிடையாமற் போகலாம். கலியாண வீட்டு அழைப்பு வராமற் போகலாம். இந்தச் சிறு விலையைக் கொடுக்க எங்கள் நாடகக்காரர் தயாரா என்பதே என் கேள்வி.