பிளாக் ஸ்டார்: இரண்டு குரல்களின் கூட்டு

ஹிப் ஹொப் என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். காசு, கார், துவக்கு, கெட்ட வார்த்தை, இதைத் தவிர அதில் என்ன இருக்கு என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே கேள்வியை அந்த இசைக்குள் நின்றே கேட்ட இருவர் உண்டு. புரூக்ளினைச் சேர்ந்த மொஸ் டெஃப், தாலிப் குவெலி ஆகிய அவ்விருவரும் 'பிளாக் ஸ்டார்' என்ற பெயரில் 1998 செப்டெம்பரில் ஒரு அல்பம் வெளியிட்டார்கள்.

இந்தப் பெயர் மார்க்கஸ் கார்வி 1919இல் தொடங்கிய கப்பல் கம்பனியினுடையது. கறுப்பின மக்களுக்குச் சொந்தமாகக் கப்பல் வேண்டும் என்பது அவர் கனவு. கம்பனி சில வருடங்களிலேயே முடங்கிப் போனது. பெயர் மட்டும் நிலைத்தது.

மொஸ் டெஃப் பின்னாளில் யாஸீன் பே என்று பெயர் மாற்றிக்கொண்டார். அவருடைய 1999ஆம் ஆண்டுத் தனி அல்பம் பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்குகிறது. நம் பொடியன்மார் இதைச் சொல்லிப் பூரித்துப் போகிறார்கள். பூரிக்கட்டும். ஆனால் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கியதற்காக மட்டும் ஒரு பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. பாட்டைப் பாட்டாகவே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

'டெஃபினிஷன்' பாடலைக் கேளுங்கள். டுபாக் 1996இலும் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997இலும் சுட்டுக் கொல்லப்பட்ட சூடு ஆறாத காலம் அது. பூகி டவுன் புரொடக்ஷன்ஸ் 1988இல் வன்முறைக்கு எதிராகப் பாடிய பாட்டின் பல்லவியை எடுத்து, இந்த இரு மரணங்களையும் அதற்குள் வைக்கிறார்கள். மெட்டு ஆடச் சொல்கிறது. சொல் ஜனாஸாவை ஞாபகப்படுத்துகிறது. புத்தி சொல்லும் பாட்டு பயானாகிவிடாமல் தப்புவது இந்த முரணால்தான்.

அல்பத்தின் உச்சம் 'தீவ்ஸ் இன் த நைட்'. டோனி மொரிசனின் 'த புளூவெஸ்ட் ஐ' (1970) நாவலின் இறுதிப் பகுதியிலிருந்து பிறந்த பாட்டு இது. நீலக் கண் கேட்டு ஏங்கிய கறுப்புச் சிறுமியின் கதை அந்நாவல். அவளுடைய அழிவில் ஊருக்கும் பங்குண்டு என்பது அதன் முடிவு. பாட்டு அந்தக் குற்றச்சாட்டை வெள்ளையர் மீது மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. நல்ல பிள்ளையாகத் தெரிவதையே நல்லவனாக இருப்பதென்று நம்பும் நம்மையும் சேர்த்தே கேட்கிறது. தாலிப் புரூக்ளினில் நுகிரு என்ற புத்தகக்கடையில் வேலை பார்த்தவர். பிறகு இருவரும் சேர்ந்து அந்தக் கடையையே வாங்கினார்கள். வாசிப்பு இவர்களுக்கு அலங்காரமல்ல.

கூட்டின் பலம் குரல்களின் வேறுபாட்டில் இருக்கிறது. தாலிப் சொற்களை நெருக்கி அடுக்குவார். சில இடங்களில் மூச்சு முட்டும். யாஸீன் பே இழுத்து, பாதி பாடி, பாதி பேசி இடைவெளி விடுவார். ஒருவர் இறுக்குவதை மற்றவர் தளர்த்துகிறார். அல்பத்தின் பெரும்பகுதிக்கு இசை அமைத்த ஹை-டெக், இருவருக்கும் இடம் விட்டுத் தாளத்தைக் குறைவாகவே வைத்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. 'பிரவுண் ஸ்கின் லேடி' பெண்ணின் நிறத்தைக் கண்ணியத்தோடு புகழ்கிறது. ஆனால் அந்தப் பெண் பேசுவதில்லை. இரண்டு ஆண்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார்கள். 24 ஆண்டுகள் கழித்து, 2022இல், மட்லிப் இசையில் வந்த இரண்டாம் அல்பம் 'நோ ஃபியர் ஒஃப் டைம்', சந்தா கட்டிக் கேட்கும் ஒரு பொட்காஸ்ட் தளத்தில் மட்டும்தான் முதலில் வெளியானது. வியாபாரத்தை இடித்துரைத்தவர்களின் பாட்டு கதவுக்குப் பின்னால் போனது. பெரிய கம்பனிகளிடமிருந்து தப்பும் வழி அது என்று வாதிடலாம்; கேட்க வழியில்லாத ஏழைப் பொடியனுக்கு அந்த வாதம் உதவாது.

ஆனாலும் முதல் அல்பம் நிற்கிறது. தாலிப் என்றால் அறிவைத் தேடும் மாணவன் என்று நமக்குத் தெரியும். தான் சேர்ந்த கூட்டத்தையே கேள்வி கேட்கத் துணிந்த இரண்டு மாணவர்களின் பாட்டு இது. முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டுச் சுளிக்கட்டும்.